பனியன் துண்டுக்கு ஏற்ற பாடம்

ஒட்டுத்துணிப் போர்வை தைக்கப் பழகும் பிள்ளைகளுக்கு எந்த இதழ்களைக் கொடுக்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். வெளிநாட்டு குவில்ட் இதழ்களின் பாடங்கள் பெரும்பாலும் தறித்துணிக்கானவை. திருப்பூரில் நமக்குக் கிடைப்பதோ பனியன் கட்டிங் வேஸ்ட். இழுத்தால் நீளும், வெட்டிய ஓரம் சுருளும். அந்தப் பாடப்படி தைத்துத் துண்டு கோணிப்போனால், தன் கைதான் சரியில்லை என்று பிள்ளை நினைத்துவிடும். ஆகவே, ‘டி-ஷர்ட் குவில்ட்’ என்று தேடுங்கள். பின்புறம் ஒட்டும் கேன்வாஸை இஸ்திரி போட்டு ஒட்டி, பிறகு வெட்டும் முறை அதில் கிடைக்கும். காலர் தைக்கும் பெற்றோருக்கு இது தெரிந்த வேலைதான். அவர்களையே வகுப்புக்கு அழையுங்கள்.

உத்தர கன்னட மாவட்டத்தில் சித்தி இனப் பெண்கள் பழைய துணியில் தைக்கும் கவந்திப் போர்வைகளின் படங்களையும் காட்டுங்கள். மெஷின் இல்லை, ஓரத்தில் தொடங்கி நடுவை நோக்கிக் கையாலேயே ஓட்டுத்தையல். மூலைகளில் ‘பூ’ வைக்காமல் முடிக்க மாட்டார்கள். எங்கள் ஏழாம் வகுப்பு முதலில் கேட்டது அந்தப் பூவைத்தான்.