பத்திரத்தில் இருக்கும் தாய் யார்?

(பதுளையில் தோட்டத் தலைவர்களுக்கும் மாதர் சங்கத் தலைவிகளுக்கும் நடத்தப்பட்ட கருத்தரங்கில் ஆற்றிய உரை)



இன்று நாம் சம்பளத்தைப் பற்றிப் பேசப் போவதில்லை. நம் ஒவ்வொருவர் வீட்டுத் தகரப் பெட்டியிலும் கிடக்கும் ஒரு தாளைப் பற்றிப் பேசப் போகிறோம். அதுதான் பிறப்புச் சான்றிதழ்.

இந்தத் தாளின் பெறுமதி நம் சமூகத்துக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், தகப்பன் இங்கே பிறந்தவனா, பாட்டன் இங்கே பிறந்தவனா என்று கேட்டது. இங்கே பிறந்தவர்கள்கூட அதற்குப் பத்திரம் காட்ட முடியாமல் நாடற்றவர்களாக நின்றார்கள். 1964 இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. மண்டபம் முகாம் என்று எத்தனை குடும்பங்கள் பிரிந்தன என்பதை ஊவாவின் எந்த லயத்திலும் கேட்கலாம். 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம், 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கே நிரந்தரமாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்களுடைய சந்ததியினருக்கும் குடியுரிமை கொடுத்தது. யார் யாருக்குப் பிறந்தவர் என்ற கேள்வி அங்கேயும் வருகிறது. ஆகவே குடும்ப வரலாறு தேடுவது நமக்குப் பொழுதுபோக்கல்ல. அது நம் உரிமையோடு கட்டிய விஷயம்.

அப்படிப்பட்ட பத்திரத்தில் நாமே தவறு எழுத வைக்கிறோம் என்பதைத்தான் இன்று மனம் திறந்து பேச வேண்டும்.

நம் லயங்களில் பிள்ளை கொடுத்து வாங்குவது புதிதல்ல. பிள்ளை இல்லாத அண்ணனுக்குத் தங்கச்சி தன் மூன்றாவது பிள்ளையைக் கொடுப்பாள். தாய் வெளிநாட்டுக்குப் போனால் அம்மாயி வளர்ப்பாள். இதில் குற்றம் எதுவும் இல்லை. அது பாசம். ஆனால் பதியப் போகும்போது, “எப்படியும் நாங்கள்தானே வளர்க்கப் போகிறோம்” என்று வளர்ப்பவர் பெயரையே பெற்றவர் பெயராக எழுதிவிடுகிறார்கள். பிறகு வருவதைத் தொழிற்சங்கக் காரியாலயத்தில் நாங்கள் பார்க்கிறோம். சாதாரண தரப் பரீட்சைக்கு அடையாள அட்டை எடுக்கப் போனால், சான்றிதழில் ஒரு தாய், பாடசாலை இடாப்பில் இன்னொரு தாய். பெற்ற தாய் இறந்தபின் அவளுடைய ஊழியர் சேமலாப நிதியைக் கேட்டுப் போனால், “நீ அவளுடைய பிள்ளை என்பதற்கு என்ன அத்தாட்சி?”

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. அண்ணன் வீட்டில் வளரும் பெண்ணுக்கு, பெற்றவளின் மற்ற மகன் கூடப்பிறந்தவன். ஆனால் பத்திரப்படி அவன் அத்தை மகன், முறை மாப்பிள்ளை! உண்மை தெரிந்த பெரியவர்கள் போன பிறகு, அந்தக் கல்யாணப் பேச்சை நிறுத்த யார் இருப்பார்கள்?

பொய்ப் பத்திரம் பணத்தோடு சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதையும் இந்த நாடு பார்த்திருக்கிறது. 1970களிலும் 80களிலும் இலங்கையிலிருந்து ஐரோப்பாவுக்குச் சுமார் 11,000 குழந்தைகள் தத்துக் கொடுக்கப்பட்டதாகச் சொல்லப்படுகிறது. ஏழைத் தாய்மாரின் கையறு நிலையைத் தரகர்கள் வியாபாரமாக்கினார்கள். பெறாத பெண்களைத் தாயாக நடிக்க வைத்துக் கையொப்பம் வாங்கினார்கள். 2017 இல் நெதர்லாந்துத் தொலைக்காட்சி ஒன்று இதை அம்பலப்படுத்தியது. 2020 இல் சுவிட்சர்லாந்து அரசு வருத்தம் தெரிவித்தது. 2021 இல் நெதர்லாந்து வெளிநாட்டுத் தத்தெடுப்பையே இடைநிறுத்தியது. அந்தப் பிள்ளைகள் இன்று நாற்பது வயதைத் தொட்டும் தாண்டியும் நிற்கிறார்கள். பத்திரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு தாயைத் தேடி வருகிறார்கள். பலருக்குத் தெரிய வருவது, அதில் இருக்கும் பெயர் தாயினுடையதே அல்ல என்பதுதான்.

அப்படியானால் பிள்ளையை எடுத்து வளர்ப்பவர்கள் என்ன செய்வது? இதற்கென்றே 1941 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. சட்டத்தில் தத்தெடுப்புக்கு மகவேற்பு என்று பெயர். மாவட்ட நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டும். பெற்றவரின் சம்மதம் வேண்டும். கட்டளை கிடைத்ததும் பதிவாளர் நாயகம் அதற்கான தனிப் பதிவேட்டில் பதிந்து சான்றிதழ் கொடுப்பார். பழைய பிறப்புப் பதிவு அழிவதில்லை. “பிள்ளை கைவிட்டுப் போய்விடுமே” என்ற பயம் வேண்டாம். பொய்ப் பத்திரம்தான் உங்களைப் பாதுகாக்காது. நீதிமன்றக் கட்டளை பாதுகாக்கும். சும்மா வளர்ப்பதாக இருந்தால், பெற்றவள் பெயரைத் தொடவே வேண்டாம்.

2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்தது. லயங்களோடு உயிர்களும் புதைந்தன. பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் வீடும் பெற்றோரும் இல்லாமல் நின்றார்கள். தகரப் பெட்டிகளும் மண்ணுக்குள் போயின. ஆனால் பதிவேட்டில் உண்மை இருந்தால் பிரதேச செயலகத்தில் பிரதி எடுக்கலாம். எழுதாத உண்மைக்கு எந்தக் கச்சேரியிலும் பிரதி கிடையாது.

ஆகவே தலைவர்மாரே, உங்களிடம் நாங்கள் கேட்பது நான்கு காரியம்.

உங்கள் டிவிசனில் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளையையும் 42 நாளுக்குள், பெற்ற தாயின் பெயரில் பதிய வையுங்கள். அவளுடைய அடையாள அட்டையில் உள்ளபடியே பெயர் இருக்கட்டும்.

பழைய தவறு இருக்கும் குடும்பங்களைக் காரியாலயத்துக்கு அழைத்து வாருங்கள். ஏச வேண்டாம். வழி பார்ப்போம்.

வயதானவர்கள் இருக்கும்போதே, யாருக்கு யார் பிறந்தார், எந்த ஊரிலிருந்து வந்தார், எந்தத் தோட்டத்தில் பெயர் பதிந்தார் என்று ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.

கடைசியாக, என்றோ பிள்ளையைக் கொடுத்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த தாய் உங்கள் லயத்தில் இருக்கலாம். அவளைத் தேடி ஒரு பிள்ளை வந்தால் ஊரைக் கூட்டாதீர்கள். முதலில் அவளிடம் தனியாகக் கேளுங்கள். பார்ப்பதா வேண்டாமா என்று அவள் சொல்லட்டும். அன்று அவளை யாரும் கேட்கவில்லை. இன்றாவது நாம் கேட்போம்.