நெறிகட்டியும் பொது அளவும்
(செஞ்சியில் நடைபெற்ற நம் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)

 

இராஜகிரியின் அடிவாரத்திலுள்ள பழைய களஞ்சியத்தை நாம் யாவரும் கண்டிருக்கிறோம். ஊருக்கொரு மரக்கால் வழங்குமாயின், அதனுள் அளந்து கொட்டும் நெல் எத்துணையென்று யாரே கூறவல்லார்? நெல்லுக்கு வேண்டும் பொது அளவு நோய்க்கும் வேண்டுமென்பதே நாம் இன்று எடுத்துக்கொண்ட விஷயம்.

புற்றுநோய் பரவுங்கால், பெரும்பாலும் அண்மையிலுள்ள நிணநீர்க் கணுக்களையே முதலில் பற்றுகிறது. கழுத்திலும் அக்குளிலும் தொடையிடுக்கிலும் ‘நெறி கட்டியிருக்கிறது’ என்று நாம் சொல்வது இக்கணுக்களின் வீக்கத்தையே. ஆயினும் நெறிகட்டியதெல்லாம் புற்றன்று. காலிற்பட்ட புண்ணும் காசநோயுங்கூட அதற்குக் காரணமாகும்.

ஆதலின் வைத்திய உலகம் பொது அளவொன்றை வகுத்தது. 2009-ஆம் ஆண்டில் திருத்தப்பெற்ற ‘ரெசிஸ்ட் 1.1’ என்னும் விதிப்படி, ஸி.டி. படத்தில் அவரை விதைபோன்ற கணுவின் நீளத்தையன்று, குறுக்களவையே கொள்ளவேண்டும். அது 10 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் இயல்பானது. 10 முதல் 15-க்குள் இருப்பது கண்காணித்தற்குரியது. 15-உம் அதற்கு மேலுமாயின், சிகிச்சையின் பயனை அறியும்பொருட்டுத் தொடர்ந்து அளத்தற்குரியது.

எனினும் சிறிய கணுவிலும் புற்று ஒளிந்திருத்தல் கூடும். அதனால் 2021-இல் வெளிவந்த ‘நோட்-ராட்ஸ்’ முறை, அளவோடு உள்ளமைப்பு, விளிம்பு, வடிவம் ஆகியவற்றையும் நோக்கி, ஐயத்தின் மிகுதியை 1 முதல் 5 வரை எண்ணிட்டுரைக்கிறது. முடிந்த முடிபு கூறுவது திசுச் சோதனையே.

நம் வீட்டிலேயே ஒரு பெரியவருக்குச் சிகிச்சை நடந்தது. முதற்படத்தை நாம் பரணில் போட்டோம்; மழையொழுக்கில் அது கெட்டது. பின்னொரு படத்தைக் கையிலேந்திய வைத்தியர், கணு சுருங்கிற்றோ வளர்ந்ததோ என்று கூற இயலாது நின்றார். ஒப்பிட முந்திய அளவு இல்லை. அப்பிழை நம்முடையதே.

தம் சகோதரியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களின் முயற்சியால் 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவ நிலையம் தொடங்கிற்று. அன்று ஸி.டி. கருவி உலகில் எங்கணும் இல்லை. 1971-இல்தான் அது முதன்முதல் ஒரு நோயாளியைப் படம் பிடித்தது. கருவியில்லாக் காலத்தில் அவர் அத்துணை உழைத்தார். கருவியுள்ள காலத்தில் நாம் படத்தையேனும் காவாதிருக்கலாமோ?

ஆகவே அன்பர்களே! இரண்டு மூன்று வாரங்களில் வடியாத நெறியை மறைக்காதீர்கள். முக்கியமாய்ப் பெண்மக்கள் நாணத்தால் பொறுத்திருத்தல் ஆகாது. எடுத்த படங்களையும் அறிக்கைகளையும் நிலப்பத்திரம்போற் பேணி, வைத்தியரிடம் செல்லுந்தோறும் உடன்கொண்டு செல்லுங்கள். இதுவே நம் வேண்டுகோள்.