எண்ணெய் முள் இறங்கினால் இஞ்சினைப் பிரித்துவிட வேண்டுமா?



1948-ஆம் ஆண்டு லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் மோரிஸ் மைனர் கார் முதன்முதலாக மக்கள் பார்வைக்கு வந்தது. அதை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். 1959-இல் வெளிவந்த மினி காரும் அவருடைய கைவண்ணமே. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் மலாயா, சிங்கப்பூர் சாலைகளில் மோரிஸ் மைனர் பழகிப்போன காட்சி. இன்றும் சில வீடுகளின் கொட்டகையில், அப்பா ஓட்டிய வண்டி என்ற ஒரே காரணத்திற்காக அது காக்கப்பட்டு வருகிறது.

அப்படி ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். அப்பா மறைந்துவிட்டார். மகன் பல மாதங்கள் பணம் சேர்த்து, 1098 சிசி இஞ்சினை முழுமையாகப் பிரித்துப் புதுப்பிக்கிறார். கிராங்க் ஷாஃப்ட் கடைசல் பட்டறைக்குப் போய் வருகிறது. புதிய பேரிங், புதிய பிஸ்டன், புதிய பம்பு எல்லாம் போட்டாயிற்று. சாவியைத் திருப்பியதும் இஞ்சின் உயிர் பெறுகிறது. எண்ணெய் அழுத்தமானி 60 பவுண்டு காட்டுகிறது. அரை மணி நேரம் ஓட்டிவிட்டு வாசலில் நிறுத்தினால், முள் 5 பவுண்டுக்கு இறங்கிக் கிடக்கிறது. அந்த வேளையில் அவர் மனம் என்ன பாடுபடும்!

இப்படிப்பட்ட நேரத்தில் முதலில் செய்ய வேண்டியது இஞ்சினை நிறுத்துவதுதான். இன்னும் கொஞ்சம் ஓட்டிப் பார்க்கலாம் என்ற ஆசை பெரும் செலவில் கொண்டுபோய் விடும். எண்ணெய்ப் படலம் இல்லாமல் இரும்பும் பேரிங்கும் உரசினால், புதிய கிராங்க் ஷாஃப்ட் கெட்டுப்போகச் சில நிமிடங்களே போதும்.

அடுத்து ஓர் அடிப்படையைப் புரிந்துகொள்ள வேண்டும். பம்பின் வேலை எண்ணெயைத் தள்ளுவது. அந்த எண்ணெய் பேரிங்குகளின் மெல்லிய இடைவெளி வழியாக நெருங்கிக்கொண்டு போகும்போது ஏற்படும் தடையே நமக்கு அழுத்தமாகத் தெரிகிறது. தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் குழாயின் வாயை விரலால் அழுத்தினால் தண்ணீர் வேகமாகப் பாய்கிறது. விரலை எடுத்தால் தொய்ந்து விழுகிறது. குழாயும் அதே, தண்ணீரும் அதே. ஆகவே முள் இறங்கினால் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. முள் சொல்வது உண்மையா? பம்புக்கு எண்ணெய் போதுமான அளவு வருகிறதா? தள்ளப்பட்ட எண்ணெய் வழியில் எங்கேயாவது தப்பி ஓடுகிறதா?

முதல் கேள்விக்குப் பதில் காண்பது எளிது. பழைய அழுத்தமானியை நம்பாமல், நன்றாக வேலை செய்யும் வேறோர் இயந்திர அழுத்தமானியைத் தற்காலிகமாகப் பொருத்திப் பார்க்க வேண்டும். மானி பழுதாக இருக்க, நல்ல இஞ்சினைப் பிரித்துப் போட்டவர்கள் உண்டு. டேஷ்போர்டு விளக்கை மட்டும் நம்புவதும் ஆபத்து. அழுத்தம் மிகவும் தாழ்ந்த பிறகுதான் அது எரியும்.

பிறகு எண்ணெயின் அளவையும் தரத்தையும் பார்க்க வேண்டும். புதிய கார்களுக்கென விற்கும் மெல்லிய எண்ணெயை இந்தப் பழைய இஞ்சினில் ஊற்றினால், நமது வெயிலில் சூடேறியதும் அது இன்னும் நீர்த்துவிடும். 20டபிள்யூ-50 வகையே இதற்குப் பொருத்தம். கார்புரேட்டரிலிருந்து பெட்ரோல் இறங்கி எண்ணெயில் கலந்திருக்கிறதா என்று முகர்ந்து பார்ப்பதும் நல்லது.

அடுத்தது அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு. இஞ்சின் பிளாக்கின் வலப்பக்கம் பின்னால், குமிழ் போன்ற தலையுள்ள ஒரு நெட்டு இருக்கும். அதைக் கழற்றினால் ஒரு ஸ்பிரிங்கும் சிறிய வால்வும் கையில் வரும். புதுப்பித்தபோது உள்ளே தங்கிய ஓர் இரும்புத் துகள் போதும். வால்வு சரியாக அமராமல் எண்ணெய் மீண்டும் சம்புக்கே போய்விடும். சுத்தம் செய்து, தேய்மானம் பார்த்து, திரும்பப் பொருத்த அரை மணி நேரம் ஆகாது.

இந்த இடத்தில்தான் பலர் தவறு செய்கிறார்கள். நமது கதையில் வரும் ஃபோர்மன் நல்ல மனிதர், அனுபவசாலி. "தம்பி, ஸ்பிரிங்குக்குப் பின்னால ரெண்டு வாஷர் போட்டா முள் ஏறிடும்" என்கிறார். மகன் பணிவாகவே கேட்கிறார்: "முள் ஏறும்ணே. பேரிங் இடைவெளி குறையுமா?"

மிகச் சரியான கேள்வி! அந்த வால்வின் வேலை, அழுத்தம் அளவுக்கு மீறிப் போகாமல் தடுப்பதுதான். சூடான இஞ்சின் மெதுவாக ஓடி, முள் 5 பவுண்டில் நிற்கும்போது அந்த வால்வு ஏற்கெனவே மூடித்தான் இருக்கிறது. மூடிய கதவுக்கு இன்னொரு பூட்டுப் போடுவதால் என்ன பயன்? காலையில் குளிர்ந்த இஞ்சினில் மட்டும் அழுத்தம் தேவைக்கு மேல் ஏறும். நோய் அப்படியே இருக்கும்.

இனி முள்ளின் போக்கைக் கவனிக்க வேண்டும். நல்ல நிலையிலுள்ள இந்த இஞ்சின் சூடேறி ஓடும்போது சுமார் 60 பவுண்டும், வண்டி நின்று மெதுவாக ஓடும்போது சுமார் 15 பவுண்டும் காட்டும். குளிரிலும் சூட்டிலும் ஒரே மாதிரி குறைவாக இருந்தால், பம்பு, வால்வு, உறிஞ்சும் குழாய் ஆகியவற்றைச் சந்தேகிக்கலாம். முள் துள்ளித் துள்ளி ஆடினால், சம்பில் உள்ள உறிஞ்சும் குழாயின் இணைப்பு தளர்ந்து காற்றை இழுக்கிறதோ என்று பார்க்க வேண்டும். குளிரில் நன்றாக இருந்து, சூட்டில் மட்டும் விழுந்து, வேகம் கூட்டினால் மீண்டும் ஏறினால், எண்ணெய் மெல்லியதாக இருக்கலாம். இல்லாவிட்டால் எங்கோ இடைவெளி கூடியிருக்கிறது.

மகன் ஒரு பள்ளிக் குறிப்பேட்டில் எல்லாவற்றையும் எழுதி வைக்கிறார். எண்ணெய் மாற்றுவதற்கு முன் 5 பவுண்டு. 20டபிள்யூ-50 ஊற்றிய பின் 8 பவுண்டு. வால்வைச் சுத்தம் செய்த பின்னும் அதே 8 பவுண்டு. எந்த மருந்துக்கு எவ்வளவு குணம் என்பது இப்போது கண்ணுக்குத் தெரிகிறது. ஒரே நாளில் மூன்றையும் மாற்றியிருந்தால் இது தெரிந்திருக்காது.

அடுத்து வால்வு மூடியைத் திறந்து, ராக்கர் ஷாஃப்டின் இரு முனைகளிலும் அடைப்புகள் இருக்கின்றனவா என்று பார்க்கிறார். இருக்கின்றன. அதன் பிறகே சம்பைக் கழற்றுகிறார். மோரிஸ் மைனரில் இஞ்சினை வெளியே எடுக்காமலேயே சம்பை இறக்கி, கனெக்டிங் ராடின் பெரிய முனைப் பேரிங்குகளைப் பார்க்க முடியும். மெல்லிய பிளாஸ்டிக் இழையைப் பேரிங்குக்குள் வைத்து, நெட்டுகளைச் சரியான அளவுக்கு முறுக்கி, மீண்டும் திறந்து பார்த்தால், நசுங்கிய இழையின் அகலமே இடைவெளியைச் சொல்லிவிடும். இருக்க வேண்டியது ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 1 முதல் 2½ பங்கு. இங்கே இருப்பதோ 4 பங்கு! கடைசலில் கொஞ்சம் அதிகமாகவே சீவிவிட்டார்கள்.

ஆயிரத்தில் ஓரிரு பங்குதானே என்று எண்ண வேண்டாம். இடைவெளி இரு மடங்கானால், அதன் வழியே ஒழுகும் எண்ணெய் ஏறத்தாழ எட்டு மடங்காகும். தலைமுடியைவிட மெல்லிய வித்தியாசம்தான் அந்த முள்ளைக் கீழே இழுத்தது.

பேரிங் சரியாக இருந்திருந்தால், இஞ்சினை வெளியே எடுத்துத்தான் ஆக வேண்டும். பம்பு கேம் ஷாஃப்டின் பின்முனையில், ஃபிளைவீலுக்குப் பின்னால் மறைந்திருக்கிறது. அதன் கேஸ்கெட்டைத் திருப்பிப் போட்டால் எண்ணெய்த் துளை மூடிக்கொள்ளும். பிளாக்கைக் கழுவும்போது எடுத்த எண்ணெய் வழி அடைப்பு ஒன்றைத் திரும்பப் போட மறந்தாலும், வெளியே ஒரு சொட்டுக் கசிவும் இல்லாமல் உள்ளுக்குள்ளேயே எண்ணெய் கொட்டும்.

குறிப்பேட்டுடனும் நசுங்கிய இழையுடனும் மகன் பட்டறைக்குப் போகிறார். குரலை உயர்த்த வேண்டிய அவசியமே இல்லை. ஃபோர்மன் இழையைப் பார்க்கிறார், அளவைப் பார்க்கிறார். "கிராங்க கழட்டுவோம் தம்பி. அடுத்த சைஸுக்குக் கடைஞ்சி, அதுக்கு ஏத்த பேரிங் போடுவோம். இந்தத் தடவை போடறதுக்கு முன்னாலேயே அளந்துடுவோம்" என்கிறார். சண்டையில் முடிந்திருக்க வேண்டிய விஷயம், இருவரும் சேர்ந்து செய்யும் வேலையாக மாறிவிட்டது.

மறுபடியும் இஞ்சினை எழுப்பும் நாளில் ஒன்றை மறக்கக்கூடாது. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, முள் அசையும்வரை ஸ்டார்ட்டரால் சுற்ற வேண்டும். எண்ணெய் எல்லா இடத்திற்கும் போய்ச் சேர்ந்த பிறகே பிளக்குகளைப் போட்டு இஞ்சினுக்கு உயிர் கொடுக்க வேண்டும்.

பதறாத காரியம் சிதறாது என்பார்கள். வெளியிலிருந்து உள்ளே, எளியதிலிருந்து கடினமானதற்கு, ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். இந்த ஒழுங்கைக் கைக்கொண்டால் பணமும் மிஞ்சும், நட்பும் மிஞ்சும். அப்பாவின் வண்டி மீண்டும் வாசலில் நின்று, சூடான பிறகும் முள் 15-இல் அசையாமல் இருப்பதைக் காணும் மகிழ்ச்சிக்கு ஈடு உண்டா?