கால்வாய் ஆழமாகிறது, செலவு யார் தலையில்?



சமுதாய அமைப்பு சிக்கலாகிக்கொண்டே போனால் எத்தனை காலம் தாங்கும் என்று பேசச் சொன்னார்கள். அதற்கு ரோமாபுரி வரை போக வேண்டியதில்லை. மட்டாஞ்சேரிப் படகுத்துறையில் நின்று பார்த்தாலே போதும்.

1920-ல் பிரிஸ்டோ என்ற வெள்ளைக்காரப் பொறியாளர் கொச்சிக்கு வந்தபோது, முகத்துவாரத்தில் மணல்திட்டு. பெரிய கப்பல்கள் வெளிக்கடலில் நின்றன. சரக்கு வள்ளங்களில் வந்தது. அவர் திட்டை வெட்டினார். 1928-ல் கப்பல் உள்ளே வந்தது. தோண்டிய மண்ணில் வெலிங்டன் தீவு எழுந்தது. பெரிய காரியம்தான். ஆனால் அன்று முதல் ஆறுகள் சேற்றைக் கொட்டுவதும், நாம் தூர் வாருவதும் ஓய்ந்தபாடில்லை. 2011-ல் வல்லார்பாடம் கொள்கலன் முனையம் வந்தது. அதற்காகக் கால்வாயை ஆழப்படுத்தினார்கள். ஆழம் கூடினால் சேறும் கூடும். துறைமுக வருமானத்தில் பெரும்பங்கைத் தூர்வாரும் செலவே விழுங்கியது.

ஜோசப் டெயின்டர் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1988-ல் எழுதிய நூலின் சாரம் இதுதான்: ஒரு தொல்லையைத் தீர்க்க ஓர் ஏற்பாடு, அதைக் காக்க இன்னொன்று, ஒரு கட்டத்தில் பலனைவிடப் பராமரிப்புச் செலவே பெரிதாகிவிடும். சரி, அந்தச் செலவு யார் தலையில்? அதே முனையத்துக்கு வழிவிட மூலம்பிள்ளி முதலான ஊர்களில் 316 குடும்பங்கள் வீடிழந்தன.

அப்படியானால் எளிமையே போதுமா? ஃபோர்ட் கொச்சி டோபிகானாவில் நம் தமிழர்கள் கையால் துவைத்து வெயிலில் உலர்த்துவதை மெச்சுகிறவர்கள், அந்தக் கல்லடியில் ஒருநாள் நின்று பார்க்கட்டும்! சாப்பா முறையும் எளிமையானதுதான். உலோக வில்லைகளைக் கூட்டத்தில் எறிவார்கள். பாய்ந்து பிடித்தவனுக்கு வேலை. பதிவேடு கிடையாது, அலுவலகம் கிடையாது. 1953 செப்டம்பரில், அந்த முறைக்கு எதிரான போராட்டத்தில், மட்டாஞ்சேரியில் போலீசார் சுட்டுத் தொழிலாளர்கள் மாண்டனர். பிறகு வந்த துறைமுகத் தொழிலாளர் வாரியம், பெயர்ப்பதிவு, முறைவேலை எல்லாம் கூடுதல் சிக்கலே. ஆனால் அந்தச் சிக்கல் கூலிக்காரன் வீட்டில் அடுப்பெரிய வைத்தது.

இன்று ஒப்பந்தக்காரர் கீழ் சுமை தூக்கும் நம்மவர் பலரிடம் பதிவும் இல்லை, சம்பளச் சீட்டும் இல்லை. அப்படிப்பட்டவர்கள் கூட்டம் முடிந்ததும் மேசையருகே வந்து பெயர் கொடுங்கள். தொழிலாளர் அலுவலகத்துக்குக் கொடுக்க வேண்டிய மனுவை எழுதத் தொடங்கிவிட்டோம்.