பேனையை எடுக்க முன் பேசுவோம்

(திருகோணமலை துறைமுகப் பகுதி விநியோகச் சாரதிகளின் கூட்டத்தில், நமது சங்க அமைப்பாளரான தோட்டப் பாடசாலை ஆசிரியர் ஆற்றிய உரை)



தோட்டச் சங்கத்துக்குத் துறைமுகப் பட்டினத்தில் என்ன வேலை என்று வாசலில் ஒரு ஐயா கேட்டார். நியாயமான கேள்விதான். நாங்கள் படிப்பித்த பிள்ளைகள் பலர் இன்று இந்த ஊரில் ஸ்டியரிங் பிடிக்கிறார்கள். 1977, 1983 கலவரங்களுக்குப் பிறகு மலையை விட்டு இறங்கி வடக்கு கிழக்கில் குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகளும் இங்கே இருக்கிறார்கள். இன்னொரு காரணமும் உண்டு. உங்கள் நிர்வாகம் தந்திருக்கும் தாளை வாசித்தபோது அது எங்களுக்குப் புதிதாகத் தெரியவில்லை.

அந்தத் தாள் என்ன சொல்கிறது? நீங்கள் இனி ஊழியர் இல்லை, 'சுயாதீன விநியோகப் பங்காளர்'. மாதச் சம்பளம் இல்லை, ட்ரிப்புக்குத்தான் காசு. குறித்த கடைகளை அன்றைக்கே முடிக்காவிட்டால் பாதிக் காசு. சாமான் உடைந்தால் உங்கள் வைப்புப் பணத்தில் கழிப்பார்கள். வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்து வைக்க வேண்டும், இல்லையென்றால் திங்கட்கிழமை சாவி கிடையாது.

குறித்த நிறைக்குக் கொழுந்து எடுக்காவிட்டால் தோட்டத்தில் 'அரைப்பேர்' போடுவார்கள். காலைப் பிரட்டிலிருந்து மாலை வரை மலையில் நின்றவளுக்குப் பாதி நாள்தான் வேலை செய்தாள் என்று கணக்கு. மழை பெய்ததும் செடியில் கொழுந்து இல்லாததும் அந்தக் கணக்கில் வராது. உங்கள் தாளிலும் அப்படித்தான். கடைக்காரர் சாமான் எடுக்கத் தாமதித்தால், பொலிஸ் மறித்தால், டயர் போனால் அந்த நேரம் யாருடையது? தாள் அதை உங்கள் தலையில் வைக்கிறது.

வைப்புப் பணமும் எங்களுக்குத் தெரிந்த கதைதான். அந்தக் காலத்தில் 'துண்டு' முறை இருந்தது. கங்காணியிடம் பட்ட கடனைத் தீர்க்காமல் தொழிலாளி வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. 1921 இல் அது ஒழிக்கப்பட்டது. நூறு வருடம் கழித்து, உங்கள் சொந்தக் காசைப் பிடித்து வைத்துக்கொண்டு 'விலகினால் பார்க்கலாம்' என்றால் அதற்கு வேறு என்ன பெயர் வைப்பது?

நிர்வாகத்துக்கும் நெருக்கடி உண்டு, அதை மறுக்கவில்லை. எரிபொருள் விலை ஏறியிருக்கிறது, கடைகளும் விடிய முன் சாமான் கேட்கின்றன. அதைப் பற்றி உட்கார்ந்து பேசலாம். ஆனால் நட்டம் முழுவதையும் சாரதியின் தூக்கத்திலிருந்து எடுக்க முடியாது. ஹபரணை, கந்தளாய் வீதியில் இரவில் யானை குறுக்கே வரும். நாங்கள் படிப்பித்த ஒரு பையன் பதினாறு மணித்தியாலம் ஓடிய களைப்பில் அந்த வீதியில் கண் அயர்ந்து மதகில் மோதினான். உயிர் தப்பியது. மறுநாள் அவனுக்கு வந்தது சுகம் விசாரித்த அழைப்பு அல்ல, உடைந்த போத்தல்களின் பட்டியல்.

இனிச் சட்டத்துக்கு வருவோம். 1958 ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டப்படி தொழிலாளி 8 வீதமும் தொழில் தருநர் 12 வீதமும் செலுத்த வேண்டும். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு மேலும் 3 வீதம், அதுவும் தொழில் தருநருடையது. மாதம் 50,000 ரூபா உழைப்பவருக்கு நிர்வாகம் செலுத்த வேண்டியது 7,500 ரூபா. வருடத்துக்கு 90,000. இதைவிட, பதினைந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் முடித்தவருக்கு, ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம் பணிக்கொடை. விபத்து நடந்தால் 1934 ஆம் ஆண்டின் சட்டப்படி நட்டஈடு. 'பங்காளர்' என்ற ஒரு சொல்லால் இவ்வளவையும் துடைக்கப் பார்க்கிறார்கள். லாபத்தில் பங்கு உண்டா என்று தாளைத் தேடிப் பார்த்தோம், அப்படி ஒரு வரியும் இல்லை.

கையெழுத்து வைத்தால் எல்லாம் முடிந்ததா? இங்கிலாந்தில் ஊபர் சாரதிகளிடமும் நீங்கள் சுயதொழில் செய்பவர்கள் என்றுதான் எழுதி வாங்கியிருந்தார்கள். 2016 இல் தொழில் நியாயசபையில் வென்ற அவர்கள், கொம்பனி மேன்முறையீடு செய்த ஒவ்வொரு படியிலும் வென்றார்கள். 2021 பெப்ரவரி 19 அன்று அந்நாட்டு உயர் நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்னது. தாளில் எழுதியதை மட்டும் பார்க்கக் கூடாது, கட்டணத்தை யார் தீர்மானிக்கிறார்கள், வேலையை யார் கட்டுப்படுத்துகிறார்கள் என்று பார்க்க வேண்டும் என்றது. அந்தத் தீர்ப்பு நமது நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனால் அதே கேள்வியை நாமும் கேட்கலாம். வழியைக் குறிப்பவர் யார்? நேரத்தைக் குறிப்பவர் யார்? தண்டம் போடுபவர் யார்?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தோட்டங்களுக்குச் சங்கத்தைக் கொண்டுபோன கோ. நடேசய்யர், முதலில் கொழும்பில் ஏ. ஈ. குணசிங்கவுடன் இலங்கைத் தொழிலாளர் சங்கத்தில் வேலை செய்தவர். 1927 இல் துறைமுகத் தொழிலாளர், 1929 இல் டிராம் வண்டித் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்த காலம் அது. துறைமுகத்திலும் தெருவிலும் மூட்டிய நெருப்புத்தான் மலைக்கும் வந்தது. பிறகு குணசிங்க இந்திய வம்சாவளித் தொழிலாளருக்கு எதிராகப் பேசத் தொடங்க, இருவரும் பிரிந்தார்கள். நட்டம் தொழிலாளிக்குத்தான். இந்த மண்டபத்தில் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒன்றாக இருக்கிறோம். நாளைக்கு ஒரு பகுதியினரை மட்டும் கூப்பிட்டு 'உங்களுக்கு வேறு விதமாகச் செய்கிறோம்' என்பார்கள். அன்றைக்கு இந்தக் கதையை நினைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் குறையையும் ஒத்துக்கொள்கிறோம். எங்கள் தோட்டத்துத் தேயிலையை ஏற்றிப் போகும் லொறிச் சாரதியை நாங்கள் ஒரு நாளும் சங்கக் கூட்டத்துக்குக் கூப்பிட்டதில்லை. அந்தப் பிழையைத் திருத்தத்தான் வந்திருக்கிறோம்.

இப்போது செய்ய வேண்டியவை இவை. யாரும் தனியாகக் கையெழுத்து வைக்க வேண்டாம். தமிழிலும் சிங்களத்திலும் பிரதி கேளுங்கள், வாசிக்க இரண்டு வாரம் கேளுங்கள். எல்லோரும் சேர்ந்து ஒரே கடிதத்தில் கேளுங்கள். இன்றிலிருந்து ஒரு கொப்பியில் வேலைக்கு வந்த நேரம், இறங்கிய நேரம், ஓடிய தூரம், கழித்த காசு எல்லாவற்றையும் எழுதுங்கள். சம்பளச் சீட்டையும் போனில் வந்த கட்டளைகளையும் அழிக்காதீர்கள். தொழில் திணைக்கள அதிகாரி முன் அவைதான் உங்கள் சாட்சி. தொழிற்சங்கம் பதிய ஏழு பேர் போதும். இந்த மண்டபத்தில் முதல் வரிசையிலேயே ஏழு பேருக்கு மேல் இருக்கிறீர்கள்.

நாங்கள் வந்து காப்பாற்றுவோம் என்று சொல்ல வரவில்லை. கடிதம் எழுதக் கூட இருப்போம், தொழில் காரியாலயத்துக்குக் கூட வருவோம். வெள்ளிக்கிழமை காலை உங்களில் யாரும் அந்தக் கந்தோருக்குள் தனியாகப் போகாதீர்கள். எல்லோரும் சேர்ந்து போங்கள். நாங்கள் வாசலில் நிற்போம்.