நம்ம பஞ்சாயத்துக் கணக்கை நாமதான் கேட்கணும்!
(அலங்காநல்லூரில் சிறு, குறு விவசாயிகள் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

தெருவிளக்கு எரியல. குழாயில தண்ணி ஒழுங்கா வரல. கண்மாய் வரத்துக் கால்வாயில ஆள் உயரத்துக்குச் சீமைக்கருவேலம் நிக்குது. ஊராட்சி அலுவலகத்துல கேட்டா, "நிதி இல்லண்ணே" என்கிறாங்க. ஒன்றிய அலுவலகத்துல கேட்டா, "தீர்மானம் போட்டுக் கொண்டாங்க" என்கிறாங்க. நாமும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கிட்டுத் திரும்பி வர்றோம். எத்தனை நாளைக்கு இப்படி?

ஊராட்சி ஏன் படுத்துக் கிடக்கு? மூணு காரணம் சொல்றேன்.

முதலாவது, காலத்தில் தேர்தல் நடக்காதது. உள்ளாட்சி மன்றத்துக்கு ஆயுள் 5 வருஷம். அது முடியறதுக்குள்ள அடுத்த தேர்தலை நடத்தியாகணும். இதைச் சொல்வது 1993-ல் அமலுக்கு வந்த 73-வது அரசியல் சட்டத் திருத்தம். நடந்தது என்ன? 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தது. நமக்கு ஓட்டுப் பெட்டி வந்ததோ 2019 டிசம்பர் கடைசியில்! இடையில் மூணு வருஷம் தனி அலுவலர் ஆட்சி. தேர்தல் நடத்தாததால் டெல்லியிலிருந்து வரவேண்டிய நிதிக்குழு மானியமும் தடைப்பட்டது. அடுத்த மன்றத்தின் காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்தது. அப்போதும் தேர்தல் இல்லாமல் தனி அலுவலரைத்தான் போட்டார்கள். ஒரு பி.டி.ஓ. தலையில் ஒன்றியத்தின் எல்லா ஊராட்சியையும் ஏற்றி வைத்தால், அவர் எந்த ஊர்ச் சாக்கடையைப் போய்ப் பார்ப்பார்?

இரண்டாவது காரணம் கசப்பானது. ஆனாலும் பேசித்தான் ஆகணும். நம்ம மாவட்டத்துல பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம். தலைவர் பதவி தலித் மக்களுக்கு ஒதுக்கப்பட்டது என்பதற்காக, 1996-லிருந்து பத்து வருஷம் அங்கே மன்றத்தை நடக்கவிடல. மனுப் போட ஆளை விடல. ஜெயிச்சவரையும் உடனே ராஜினாமா பண்ண வச்சாங்க. மேலவளவில் தலைவர் முருகேசனை 1997-ல் வெட்டியே கொன்றார்கள். ஊராட்சி முடங்கினால் எந்தச் சாதிக்காரன் வீட்டுக் குழாயில் தண்ணி வரும்? எல்லார் வீட்டுக் குழாயும்தான் காயும். 2006 அக்டோபரில் அந்த மூணு ஊரிலும் தேர்தல் நடந்து, தலைவர்கள் பதவியில் நின்றார்கள். 2021 அக்டோபர் 2-ல் முதலமைச்சரே பாப்பாபட்டி கிராம சபைக்கு வந்து உட்கார்ந்தார். பூட்டிக் கிடந்த மன்றத்தையும் திறக்க முடியும் என்பதற்கு அதுவே சாட்சி. தலைவர் தலித் என்றாலும், பெண் என்றாலும், அவர் நாற்காலியில் அவர்தான் உட்காரணும். அவர் கையெழுத்தை அவர்தான் போடணும்.

மூன்றாவது காரணம், கிராம சபைக்கு ஊர் ஜனம் வராதது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று வருஷத்துக்கு நாலு நாள் இருந்தது. 2022-ல் மார்ச் 22, நவம்பர் 1 என்று இன்னும் ரெண்டு நாளைச் சேர்த்தார்கள். 501 முதல் 3000 பேர் வரை உள்ள ஊராட்சி என்றால் 100 பேர் உட்காரணும். 3001 முதல் 10,000 வரை என்றால் 200 பேர். பல ஊரில் என்ன நடக்குது? சபைக்கு நாம போறதில்ல; கையெழுத்து நோட்டு மட்டும் நம்ம வீட்டுக்கு வருது! படிக்காமப் போட்ட கையெழுத்துல நம்ம ஊர்ப் பணம் செலவாகுது.

கணக்குப் பார்த்தால் என்ன ஆகும்? மேட்டுப்பாளையம் பக்கம் ஓடந்துறை ஊராட்சியைப் பாருங்க. அங்கே 1996 முதல் 2006 வரை ஆர். சண்முகம் தலைவர். குடிதண்ணி மோட்டாருக்கும் தெருவிளக்குக்கும் கரண்ட் பில் ஏறிக்கொண்டே போனது. பணம் எதில் கரையுது என்று பார்த்து, அதற்கு வழி தேடினார்கள். ஊராட்சிச் சேமிப்போடு வங்கிக் கடனும் வாங்கி, சுமார் ஒன்றரைக் கோடி ரூபாயில் 2006-ல் 350 கிலோவாட் காற்றாலை நிறுத்தினார்கள். ஊர்த் தேவை போக மிச்ச மின்சாரத்தை மின்வாரியத்துக்கே விற்றார்கள். நம்ம ஊருக்குக் காற்றாலை வேணும்னு சொல்ல வரல. எங்கே ஓட்டை என்று கணக்கில் பார்த்தாதான் அதை அடைக்க முடியும்.

அதனால வர்ற கிராம சபையில இப்படிக் கேளுங்க. வீட்டு வரி எவ்வளவு வசூல்? மானியம் எவ்வளவு வந்தது? மோட்டார் ரிப்பேருக்கு எத்தனை தடவை பில் போட்டாங்க? எத்தனை பல்பு வாங்கினாங்க, எத்தனை கம்பத்துல எரியுது? கண்மாய் யாருடையது? ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்குள்ள, அதாவது சுமார் 100 ஏக்கருக்குள்ள இருந்தா ஒன்றியத்தோடது. அதுக்கு மேலன்னா நீர்வளத் துறையோடது. இது தெரிஞ்சா நம்மை அங்கிட்டும் இங்கிட்டும் அலைய விட முடியாது. தூர்வாரத் தீர்மானம் போடுங்க. நோட்டில் எழுதினதை வாசிக்கச் சொல்லிக் கேட்டுட்டு, அப்புறம் கையெழுத்துப் போடுங்க. பதில் வரலையா? 10 ரூபாய் கட்டி, 2005 தகவல் உரிமைச் சட்டத்துல மனுக் கொடுங்க. 30 நாளைக்குள்ள பதில் சொல்லியாகணும்.

2017 ஜனவரியில் காளைக்காக ராத்திரி பகலா ரோட்டுல உட்கார்ந்த ஊருய்யா இது! சர்க்கரை ஆலையைத் திறக்கச் சொல்லிப் போராடின விவசாயிகள் நாம. நம்ம குடிதண்ணிக்கும் கண்மாய்க்கும் வருஷத்துல ஆறு நாள், ஆளுக்கு ரெண்டு மணி நேரம் உட்கார மாட்டோமா?

நமது கோரிக்கைகள்:

1. உள்ளாட்சித் தேர்தலை உரிய காலத்தில் நடத்து! தனி அலுவலர் ஆட்சியை வழக்கமாக்காதே!
2. வரவு செலவுக் கணக்கைக் கிராம சபைக்கு முன்பே ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டு!
3. ஒன்றியக் கண்மாய்களையும் வரத்துக் கால்வாய்களையும் மழைக்கு முன்னால் தூர்வாரு!
4. தலித், பெண் தலைவர்களின் அதிகாரத்தைத் தடுப்பவர்கள் மீது நடவடிக்கை எடு!

கிராம சபைக்குக் குடும்பத்தோடு வாரீர்! கணக்குக் கேட்போம், ஊரைக் காப்போம்!