மட்டம் பார்க்க எது வேணும்? லேசரா, டியூபா?

போன மழைக்கு கோட்டுச்சேரியில எங்க வாசல்ல நின்ன தண்ணி ஹாலுக்குள்ள வந்துடுச்சு. காரைக்கால் பக்கம் தரையே தாம்பாளம் மாதிரி. தண்ணி தெருவுக்குப் போறதா, வீட்டுக்குள்ள வர்றதாங்கிறதை இங்க ஒரு அங்குலமே முடிவு பண்ணிடும். அதனால வீட்டுச் சுவர்லேர்ந்து கேட் வரைக்கும், 6 மீட்டர் தரையை உடைச்சு வாட்டம் சரி பண்ணினோம்.

வாட்டம் வைக்கணும்னா முதல்ல மட்டக்கோடு வேணும். அதுலேர்ந்துதான் கீழே அளந்து இறக்குவாங்க. நான் இன்ஜினியராச்சே! ஆன்லைன்ல லேசர் லெவல் வாங்கிட்டேன். கொத்தனார் அண்ணன் கொண்டு வந்தது தண்ணி நிரப்பின பிளாஸ்டிக் டியூப். எனக்குச் சிரிப்பு வந்துச்சு.

சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் லேசரைச் சுவரோரமா வச்சு, சுவர்லயும் கேட் தூண்லயும் குறிச்சேன். அவரும் சுவர்ல அதே குறியிலேர்ந்து டியூப் பிடிச்சார். தூண்ல ரெண்டு குறிக்கும் 18 மில்லிமீட்டர் வித்தியாசம்!

யார் சரி? லேசரைச் சரியா நடுவுல வச்சேன். ரெண்டு பக்கமும் தூரம் சமமா இருந்தா, கருவி சாய்ஞ்சிருந்தாலும் ரெண்டு குறியும் ஒரே அளவுதான் ஏறும், இல்லன்னா இறங்கும். அதனால அந்த ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு மட்டம். அது டியூப் காட்டினதோட ஒத்துப்போச்சு. தப்பு என்னோடது. ரெண்டு நாள் முன்னாடி லேசர் கட்டில்லேர்ந்து விழுந்ததை நான் பெருசா எடுத்துக்கலை. உள்ளே தொங்குற ஊசல்தான் அதுக்கு மட்டம் காட்டுது. அடி பட்டா அது பிசகிடும். மீட்டருக்கு 1 சென்டிமீட்டர்னு, மொத்தம் 6 சென்டிமீட்டர் வாட்டம் வச்சோம். என் கோட்டை நம்பியிருந்தா அதுல கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு போயிருக்கும்.

அதுக்காக டியூப் கடவுள் இல்லை. நடுவுல காற்றுக்குமிழி மாட்டினா அதுவும் பொய் சொல்லும். முதல்ல ரெண்டு முனையையும் பக்கத்துல பக்கத்துல பிடிச்சு, தண்ணி சமமா நிக்குதான்னு பாருங்க.

அப்போ எதை வாங்கலாம்? ஒரு ஷெல்ஃப் மாட்ட, 2 அடி ரசமட்டம் போதும். கடையிலேயே ஒரு இடத்துல வச்சுப் பாருங்க, முனை மாத்தித் திருப்பி அதே இடத்துல வைங்க. குமிழி அதே இடத்துல நின்னா நல்ல ரசமட்டம். கிச்சன் சுத்தி டைல்ஸ் ஒட்ட லேசர் சுகம், பச்சைக் கோடு கண்ணுக்கு நல்லாத் தெரியும். வெளியில, வெயில்ல, மூலை திரும்பி மட்டம் எடுக்கணும்னா டியூப்தான்.

எதை வாங்கினாலும் கோடு போடுறதுக்கு முன்னாடி கருவியை டெஸ்ட் பண்ணுங்க. நம்ம கோடை டெஸ்ட் பண்ணாம ரிலீஸ் பண்ணுவோமா? அடுத்த எபிசோட்ல பார்ப்போம்!